நிச்சயதார்த்தத்தில் நான் எழுதிய ஷரத்துகள்

வக்கீல் கோட்டு தைத்துக்கொண்ட கையோடு என்னைப் பார்க்க வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், நீங்க ஜெயிச்ச மொத கேஸு எது?" ஜெயித்த கதையைக் கேட்டு உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் ஜெயித்தவற்றில் பாதி எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிடச் சோம்பேறியாக இருந்ததால் ஜெயித்தவை. மீதியை நீதிபதிகள் நான் பேசியதையும் மீறி ஜெயிக்க வைத்தார்கள்.

நான் சொல்லப்போவது கோட்டு போடுவதற்கு முன்பே நடத்திய ஒரு வழக்கு. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடம்தான் கோர்ட். கட்சிக்காரர் என் அக்கா கனகா. எதிர்த்தரப்பு, அவளை மருமகளாக்கிக்கொள்ள விழுப்புரத்திலிருந்து தட்டு வரிசையோடு வந்திருந்தவர்கள். நான் அப்போது சென்னையில் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம்.

நான் வக்கீலாக வேண்டும் என்பது என் முடிவு அல்ல, அப்பாவுடையது. ஒரு முறை யாருடைய வரப்புத் தகராறிலோ சாட்சி சொல்லப் போனார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரு கேள்வி கேட்டதும் அப்பாவுக்குத் தன் நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. அவமானத்தோடு வீட்டுக்கு வந்தவர், நம் வீட்டிலும் ஒருத்தன் இப்படி நாலு பேரைத் திணற வைக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். சட்டக் கல்லூரிக்குப் போக முதலில் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். பி.காமில் இடம் கிடைத்தது. அப்படித்தான் நான் வணிகம் படித்தேன்.

கணக்குப்பதிவியல் எனக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் கூட்டினால் ஒரே தொகை வர வேண்டும் என்பார்கள். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் வணிகச் சட்டம் என்று ஒரு பாடம் இருந்ததே, அதில் நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். அந்தப் புத்தகத்தை மட்டும் மற்றப் புத்தகங்களுக்கு மேலே, தலைப்பு வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடப்பேன். அறை நண்பனின் மாமாவிடம் கறுப்புக் கோட்டு இரவல் வாங்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டேன். கோட்டு என் முழங்கால் வரை வந்தது.

விடுதிச் சாம்பாரில் ஒருநாள் உப்பில்லை. மற்றவர்கள் உப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். நான் வார்டனுக்கு மனு எழுதினேன். உணவு என்பதில் உப்பு என்னும் உட்கிடையான நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று மூன்று பக்கம் வாதாடியிருந்தேன். வார்டன் அதைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டார். அடுத்த ஒரு வாரம் என் தட்டுக்கு மட்டும் உப்பு தாராளமாக வந்தது. இதிலிருந்து நான் பாடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவில்லை.

அந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அக்காவின் நிச்சயதார்த்தம் ஏற்பாடாகியிருந்தது. மாப்பிள்ளை விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. அவருடைய அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்ல குடும்பம். அக்காவுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அக்கா திண்டிவனத்தில் ஆசிரியைப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் முடிந்து இன்னொரு வருடம் பாக்கி. கல்யாணத்துக்குப் பிறகு அதை முடிக்க விடுவார்களா என்று பெண் பார்க்க வந்தபோது அப்பா கேட்டதற்கு, "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் 'பாத்துக்கலாம்' எங்கே போய் முடியும் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, அப்பா மறுபடியும் கேக்க மாட்டாரு. கேட்டா கெட்டுப்போயிடும்னு பயப்படுறாரு. நீ எப்படியாச்சும் அவங்க வாயால ஒரு வார்த்த வாங்கிக் குடுடா."

"வாய் வார்த்தைய நம்பக்கூடாதுக்கா. எழுத்துல வாங்கணும். அத எங்கிட்ட உட்டுடு" என்றேன்.

"எழுத்தெல்லாம் வேணாண்டா."

"உனக்குத் தெரியாது."

கவனியுங்கள். கட்சிக்காரர் கேட்டது ஒரு வார்த்தை. வேண்டாம் என்று சொன்னது எழுத்து. இரண்டையும் காதில் வாங்காமல் வேலையைத் தொடங்கினேன். உங்களில் எத்தனை பேர் போன வாரம் இதையே செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை.

எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத்தன்று லக்னப் பத்திரிகை எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சபையில் உரக்கப் படிப்பார்கள். படித்து முடித்ததும் இரு வீட்டாரும் வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. இன்னார் பேரன் இன்னாருக்கும் இன்னார் பேத்தி இன்னாருக்கும் இன்ன நாளில் திருமணம் என்று நாலு வரி. அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அப்பா, "எம்புள்ள வக்கீலுக்குப் படிக்கிறான், அவனே எழுதிப் படிக்கட்டும்" என்று சபையில் பெருமையாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். பாவம்.

நான் முன்பே தயாராக எழுதி வைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றேன்.

மணமகனை இனிமேல் 'முதல் தரப்பு' என்றும் மணமகளை 'இரண்டாம் தரப்பு' என்றும் குறிப்பிடப்போவதாகச் சொன்னேன். சபையில் யாரோ இருமினார்கள். முதல் ஷரத்து திருமணம் பற்றியது. இரண்டாவது, இரண்டாம் தரப்பு தன் ஆசிரியைப் பயிற்சியை முடிப்பதற்கு முதல் தரப்போ அவரைச் சார்ந்தவர்களோ ஆட்சேபணை செய்யலாகாது என்பது. மூன்றாவது, மேற்படி ஷரத்து மீறப்பட்டால் இந்த ஒப்பந்தம் ரத்தாகும் என்பது. 'ரத்து' என்ற சொல் விழுந்ததும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. நான் அதைக் கவனத்தோடு கேட்பதாக எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன்.

நான்காவது ஷரத்தில்தான் என் முழுப் புலமையையும் இறக்கியிருந்தேன். கல்யாணம் பேசிய இருவரில் ஒருவருக்குக் குறித்த நாளுக்கு முன் பைத்தியம் பிடித்துவிட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று எங்கள் பாடத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. அதைப் படித்த நாளிலிருந்து எங்காவது பயன்படுத்த வேண்டும் என்று எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் இப்படி எழுதியிருந்தேன்: "இரு தரப்பில் எவரேனும் மரணமடையும் பட்சத்தில், அல்லது சித்தம் கலங்கும் பட்சத்தில், அல்லது திவாலாகும் பட்சத்தில்..."

மேலே படிக்கவில்லை. படிக்க விடவில்லை.

"நிறுத்துடா!" மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "இன்னாத்த படிக்கிற நீ? மஞ்சள் தடவுன காயிதத்துல சாவு, பைத்தியமா? எம்புள்ள சாவறதுக்கா நாங்க தட்டு எடுத்துக்கினு வந்தோம்?"

பெண்கள் பக்கம் ஒரு அம்மாள் மூன்று முறை தரையில் துப்புவதுபோல் பாவனை செய்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வரப்புத் தகராறு நாளில் அவர் எப்படித் திரும்பி வந்தாரோ அதே முகம். நாலு பேரைத் திணற வைக்க வேண்டும் என்றுதானே என்னைப் படிக்க வைத்தார்? நான் நாற்பது பேரைத் திணற வைத்திருந்தேன்.

அந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் விளக்கம் சொன்னேன். மரணம் என்றால் நிஜமான மரணம் இல்லை, சட்டப்படி ஒரு பேச்சுக்கு என்றேன். சத்தம் இன்னும் கூடியது. சபை கொதித்துக்கொண்டிருக்கும்போது விளக்கம் சொல்லும் வக்கீலைவிட, தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கொடுக்கிறவன் அதிகம் சாதிப்பான்.

கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாவே இறங்கி வந்தார். பெருந்தன்மையான மனிதர்.

"சரி, புள்ள தெரியாம எழுதிட்டான். ரெண்டாவதுலேர்ந்து எல்லாத்தையும் அடிச்சிட்டு மொதலது மட்டும் வெச்சிக்கினு தட்ட மாத்திக்கலாம். நல்ல நேரம் போவுது, ஜல்தியா பண்ணுங்க."

"அடிடா" என்றார் அப்பா.

பேனா என் கையில் இருந்தது. இரண்டாவதையும் சேர்த்து அடித்தால் அக்காவின் படிப்பு போச்சு. அடிக்காவிட்டால் கல்யாணம் போச்சு. அப்போது நான் தயங்கினேன். அக்காவுக்காகத் தயங்கினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவ்வளவு அழகாக எழுதியதைக் கிறுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த முடிவும் எடுக்கத் தெரியாத வக்கீல்கள் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். வாய்தா கேட்டேன்.

"ஒரு நிமிஷம். கட்சிக்காரரைக் கேட்டுக்கினு வர்றேன்."

"பொண்ணையா கேக்கப் போற?" என்று யாரோ சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

உள்ளறையில் அக்கா பட்டுப் புடவையில் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. அழவில்லை. கோபத்தில் மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் அடிச்சிடு" என்றாள். "அடிச்சிட்டு நான் சொல்றத மட்டும் போய்ச் சொல்லு. எனக்கு அவரப் புடிச்சிருக்கு. அந்த வூட்டுக்கு வர்றதுக்கு எனக்கு ஆசதான். ஆனா படிப்ப பாதியில உட்டுட்டா, ஆயுசுக்கும் யார் கையையாவது எதிர்பாத்துக்கினுதான் நான் இருக்கணும். அந்த ஒரு பயம்தான் எனக்கு. ஒரு வருசம் உடுங்க, அது போதும். இத நான் சொன்னதா, நான் சொன்ன மாதிரியே சொல்லு."

நான் கூடத்துக்கு வந்தேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அக்கா சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சபையில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. 'எனக்கு அவரப் புடிச்சிருக்கு', 'பயம்', 'ஆச' இதெல்லாம் ஒரு வாதமா? நான் இப்படிச் சொன்னேன்:

"இரண்டாவது ஷரத்து அடிப்படை நிபந்தனை என்று பெண் தரப்பில் தெரிவிக்கப்படுகிறது. மற்ற ஷரத்துகள் விட்டுக்கொடுக்கப்படும்."

அடிப்படை நிபந்தனை என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தில் வருகிற பாடம். மாடு வாங்கினால், மூட்டை வாங்கினால் பொருந்தும்.

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "நிபந்தன போடற வூட்ல எங்களுக்குப் பொண்ணு வாணாம். எழுந்திருங்க எல்லாரும்." அவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு முறை உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்பா என்னை அடிக்கவில்லை. "நீ வக்கீலுக்குப் படிச்சது போதும். நாளையிலேர்ந்து கொல்லிக்கு வந்துடு, மல்லாட்ட ஆயணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கொல்லி என்றால் விளைநிலம், மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. என் சட்டக் கல்லூரிக் கனவு, இரவல் கோட்டு எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"நான் சொன்னத சொன்னியா?"

"சொன்னேன்க்கா. கொஞ்சம் சட்டமா."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்த நீதிபதியிடமும் பிறகு நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தொழிலை விட்டிருப்பேன்.

"விழுப்புரம் பாசஞ்சர் போயிடுச்சி. அடுத்தது சாயங்காலம்தான். அதுவரைக்கும் ஸ்டேஷன்ல பட்டினியா உக்காந்திருப்பாங்க" என்றாள். "சம்மந்தம் இல்லன்னா இல்ல. நம்ம வூட்டுக்கு வந்தவங்கள பசியோட அனுப்பக்கூடாது. சோத்த எடுத்துக்கினு போ. போய், நான் சொன்னத சொல்லு. ஒரு வார்த்த சேத்தன்னா வூட்டுக்கு வராத."

அண்டாவும் குண்டானும் வாழையிலைக் கட்டும் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குப் போனேன். அவ்வளவு நீளமான பாதை திண்டிவனத்தில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அவர்கள் பிளாட்பாரத்து நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் மாப்பிள்ளையின் அப்பா தண்டவாளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளைதான் எழுந்து வந்து அண்டாவை இறக்கக் கை கொடுத்தார்.

"அந்த நாலாவது ஷரத்து" என்றார் மெதுவாக. "எங்க பார்சல் ஆபீஸ்ல கூட இதே மாதிரிதான் அச்சடிச்சி வெச்சிருக்காங்க. வழியில ஒடஞ்சா பொறுப்பு இல்லைன்னு." கேலிதான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

இலை போட்டேன். பரிமாறினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பசி. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அந்த அம்மாள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"அம்மா, அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிச்சி. காலையில நான் அத மாத்திச் சொல்லிட்டேன். இப்ப அது சொன்னதையே சொல்றேன்."

சொன்னேன். புடிச்சிருக்கு என்பதை, ஆசை என்பதை, பயம் என்பதை, யார் கையையாவது எதிர்பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதை, எதையும் விடாமல், எதையும் சேர்க்காமல். என் வாயால் சொல்லும்போதுதான் அக்கா என்ன கேட்டிருக்கிறாள் என்றே எனக்குப் புரிந்தது. அதுவரை அவளுடைய வழக்கு என்ன என்று தெரியாமலேதான் வாதாடியிருக்கிறேன்.

அந்த அம்மாள் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. பிசையவும் இல்லை.

"இது அது சொன்னதா? நீ எழுதுனதா?"

"அக்கா சொன்னதும்மா. என்னுது எல்லாம் காலையிலயே தீந்துபோச்சி."

அவர் கணவரின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? இந்தத் தலையில வெக்கிற பூவுக்குக்கூட நான் உங்க மொகத்தப் பாத்துக்கினு நிக்கிறேன். இத்தினி வருசம் ஆச்சி, எனக்கு இப்படிச் சொல்லத் தெரியல. அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? நாலு பேரு இருக்கறாங்க" என்றார் அவர், தண்டவாளத்தைப் பார்த்தபடி.

"இருக்கட்டும். சாப்ட்டுட்டு அந்தத் தட்ட எடுங்க. திரும்பிப் போவலாம்."

"நல்ல நேரம் முடிஞ்சிபோச்சிடி."

"அதுல படிச்சதையெல்லாம் கேட்டீங்க இல்ல? நல்ல நேரத்துலதானே படிச்சான்?"

அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். திரும்பி வந்தார்கள். தட்டு மாறியது. இந்த முறை பத்திரிகையை வேறு யாரோ நாலு வரியில் எழுதிப் படித்தார்கள். படிப்பு பற்றி அதில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா உள்ளறைக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ படி. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். புறப்படும்போது மாப்பிள்ளையின் அப்பா என் அப்பாவிடம், "இந்தப் பையன வக்கீலுக்கே அனுப்புங்க சம்மந்தி. எனக்கு ரெண்டு மூணு விரோதிங்க இருக்கறாங்க, அவங்களுக்கு இவன வக்கீலா வெச்சி உடலாம்" என்றார். அப்பா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். கொல்லி வேலையிலிருந்து நான் தப்பினேன்.

பிறகு எத்தனையோ வழக்குகளில், எத்தனையோ பெரிய சொற்களை மனுவில் ஏற்றியிருக்கிறேன். பழக்கம் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பேனாவை மூடிவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், "உங்களுக்கு என்ன வேணும், உங்க வாயாலேயே ஒரு தடவ சொல்லுங்க" என்று கேட்டுவிடுவேன். பாதிப் பேர் சொல்வது நான் எழுதியதற்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். கூச்சப்படாமல் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். காகிதம் மலிவு.

அக்கா கல்யாணத்துக்குப் பிறகு விழுப்புரத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் திண்டிவனம் வந்து படித்தாள். கடைசிப் பரீட்சையின்போது நான் விடுமுறையில் இருந்தேன். ஸ்டேஷனுக்குப் போனால், அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி அவள் மாமியாரும் இறங்கினார். அக்காவுக்குக் கர்ப்பத்தில் மாதம் ஏறிக் கால் வீங்கியிருந்தது. முந்தின நாளெல்லாம் வாந்தி. வீட்டில் எல்லாரும் அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், மாப்பிள்ளை உட்பட. இந்த அம்மாள் ஒருத்தர்தான் கேட்கவில்லை.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு வெளியே, கொதிக்கிற வெயிலில், ஒரு கூஜா தண்ணீரும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை அவர் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து படுங்கள் என்று நான் எவ்வளவோ சொல்லியும் அசையவில்லை. அக்கா வெளியே வந்தபோது முகம் வெளுத்துப்போயிருந்தது.

"முழுசா எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்த."

அவர் அக்காவின் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"இனிமே நீ யாருகிட்டயும் கைய நீட்ட வாணாம். எம்புள்ளகிட்டயும்தான்."

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கூஜாவை எடுத்து அக்காவிடம் நீட்டினேன்.